இழப்பீடு எந்த நாளில் முடிவாகிறது?

2015 டிசம்பர் 2-ஆம் தேதி காலை, ஈக்காட்டுதாங்கலில் என் சித்தப்பாவின் அச்சகத்துக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. முதல் நாள் இரவு செம்பரம்பாக்கத்திலிருந்து அடையாற்றில் இறங்கிய வெள்ளம், கரையோரப் பட்டறை ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. புத்தாண்டு நாட்காட்டி, டைரி வேலைகள் உச்சத்தில் இருந்த நேரம் அது. ஆஃப்செட் இயந்திரம் பாதி மூழ்கியிருந்தது. இரண்டு தெரு தள்ளி வாடகைக்கு எடுத்திருந்த ஷெட்டில் ஆர்ட் பேப்பர் ரீம்கள் ஊறிப் பருத்து, ஒன்றோடொன்று ஒட்டிப் பாறையாகிக் கிடந்தன. சித்தப்பா கலங்கினாரே தவிர இடிந்துபோகவில்லை. "பாலிசி இருக்கிறதப்பா, பார்த்துக்கொள்ளலாம்" என்றார்.

ஏழு மாதம் கழித்து ஒரு லட்சத்துச் சொச்சம் வந்தது. இயந்திரப் பழுதுக்கு மூன்று லட்சம், காகிதத்துக்கு ஐந்து லட்சம் என்று கேட்டிருந்தார். சேதத்தை மதிப்பிடக் காப்பீட்டு நிறுவனம் அனுப்பிய சர்வேயர் கழுத்தை அறுத்துவிட்டார் என்று இரண்டு வருடத்துக்கு மேல் சொல்லிக்கொண்டிருந்தார், நானும் நம்பினேன். பிறகு ஒரு நாள் அந்தப் பாலிசியை வாங்கி முதல் பக்கத்தைப் படித்தபோதுதான் உண்மை தெரிந்தது. சர்வேயர் செய்தது கூட்டல் கழித்தல் மட்டும். தொகை முடிவானது வெள்ளம் வந்த அன்றைக்கல்ல. ஒன்பது மாதம் முன்னால், மார்ச்சில், வங்கியின் வற்புறுத்தலில் யாரோ ஒருவர் நிரப்பிக் கொடுத்த முன்மொழிவுப் படிவத்தில் சித்தப்பா கையெழுத்து போட்ட அன்றைக்கு.

அந்தப் பக்கத்தில் இரண்டே வரிகள்தான் அவரைக் கவிழ்த்தவை. ஒன்று முகவரி. மற்றொன்று மதிப்பு.

முகவரியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் சென்னை வியாபாரிகள் அதிகம் அடிபடுவது அதில்தான். தீ, வெள்ளம் போன்றவற்றுக்கான சொத்துக் காப்பீடு, பொருளுக்கு மட்டும் தரப்படுவதில்லை. இந்த இடத்தில் இருக்கும் இந்தப் பொருளுக்கு என்று தரப்படுகிறது. கதவு எண் உட்பட. சித்தப்பாவின் பாலிசியில் அச்சகத்தின் முகவரி மட்டும் இருந்தது. காகிதம் நனைந்த ஷெட், காப்பீட்டு நிறுவனத்தைப் பொறுத்தவரை பூமியிலேயே இல்லாத இடம். ஐந்து லட்சத்துக்குச் சுழியம் வந்தது இப்படித்தான்.

சௌகார்பேட்டையில் கடை, மாதவரத்திலோ செங்குன்றத்திலோ குடோன் என்பது இந்த ஊரில் சாதாரணம். கோடவுன் தெருவில் இடம் போதாமல் சரக்கைப் புறநகருக்குத் தள்ளுகிறார்கள். வாடகை ஏறினால் வேறு குடோனுக்கு மாற்றுகிறார்கள். தீபாவளிக்கு முன் இரண்டு மாதத்துக்கு மட்டும் கூடுதலாக ஒரு ஷெட் எடுக்கிறார்கள். ஜிஎஸ்டி பதிவில் கூடுதல் இடத்தைச் சேர்க்கத் தெரிந்தவர்கள் பாலிசியில் சேர்ப்பதில்லை. சேர்ப்பது கடினமான வேலையே அல்ல. மாற்றத்தை எழுத்தில் தெரிவித்தால் பாலிசியோடு இணைப்பாக 'எண்டார்ஸ்மென்ட்' ஒன்று தருவார்கள். சரக்கு பல இடங்களுக்கு இடையே நகர்ந்துகொண்டே இருக்கும் தொழிலுக்கு 'ஃப்ளோட்டர்' முறை இருக்கிறது. எல்லா இடங்களையும் பட்டியலிட்டு, மொத்த மதிப்புக்கு ஒரே காப்பீடு.

இனி மதிப்பு. சித்தப்பா 2006-இல் 18 லட்சத்துக்கு வாங்கிய இயந்திரம் அது. ஆண்டுக்கு 15 சதவீதம் தேய்மானம் கழித்துக்கொண்டே வந்ததில், ஒன்பது வருடத்தில் கணக்குப் புத்தகத்தில் அதன் விலை சுமார் நான்கு லட்சமாக இளைத்துவிட்டது. படிவத்தை நிரப்பியவர் இருப்புநிலைக் குறிப்பைப் பார்த்து அந்த நான்கு லட்சத்தையே எழுதிவிட்டார். வருமான வரிக்கு அது சரியான எண். ஆனால் அதே வயதுள்ள, அதே நிலையிலுள்ள இயந்திரம் சந்தையில் 12 லட்சத்துக்கு விற்றுக்கொண்டிருந்தது. அதாவது, உண்மை மதிப்பில் மூன்றில் ஒரு பங்குக்குத்தான் காப்பீடு.

"இருந்தால் என்ன? பழுதுக்கான செலவு மூன்று லட்சம்தானே, அது நான்கு லட்சத்துக்குள் அடங்கிவிடுகிறதே" என்று யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. இங்கேதான் விகிதக் கழிவு என்கிற விதி நுழைகிறது. சொத்தை எந்த விகிதத்தில் குறைத்துக் காப்பீடு செய்தீர்களோ, அந்த விகிதத்தில்தான் சேதத்துக்கும் பணம். மீதி விகிதத்துக்கு நீங்களே காப்பீட்டாளர் என்று கருதப்படும். 12-இல் நான்கு என்றால் மூன்றில் ஒரு பங்கு. மூன்று லட்சத்துக்கு ஒரு லட்சம். சர்வேயரின் கணக்கில் ஒரு ரூபாய்கூடத் தவறில்லை.

பிரீமியத்தில் சில ஆயிரம் மிச்சம் பிடிப்பதற்காக மதிப்பைக் குறைத்து எழுதச் சொல்கிறவர்களும் உண்டு. "மொத்தமாகவா போய்விடும்? பாதிக்குப் போட்டால் போதும்" என்பது அவர்கள் வாதம். பாதிக்குப் போட்டால், கால்வாசி சேதத்துக்கும் பாதிதான் கிடைக்கும் என்பதை அந்த வாதம் சொல்வதில்லை.

2021 ஏப்ரல் 1 முதல் இந்த நிலைமை ஓரளவு மாறியிருக்கிறது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ., எல்லா நிறுவனங்களும் ஒரே வாசகத்தில் விற்க வேண்டிய மூன்று பாலிசிகளைக் கொண்டுவந்தது. வீட்டுக்குப் பாரத் கிருஹ ரக்ஷா. ஓரிடத்தில் ஐந்து கோடி ரூபாய் வரை மதிப்புள்ள தொழிலுக்குப் பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா. ஐந்து கோடிக்கு மேல் 50 கோடி வரை பாரத் லகு உத்யம் சுரக்ஷா. பெயர்கள் நம் நாக்குக்கு எளிதில்லை என்றாலும் உள்ளே இருக்கும் சரக்கு பழைய தீ பாலிசியைவிட நல்லது. தொழிலுக்கான இரண்டிலும், மதிப்பு 15 சதவீதம் வரை குறைந்திருந்தால் கண்டுகொள்ள மாட்டார்கள். கடையில் 40 லட்சம் ரூபாய்ச் சரக்கு, காப்பீடு 34 லட்சத்துக்கு என்றால் சேதத்துக்குக் கழிவு இல்லை. 20 லட்சத்துக்கு என்றால் பழைய கதைதான். கட்டிடத்துக்கும் இயந்திரத்துக்கும் இவற்றில் தேய்மானம் கழித்த விலை கணக்கில் வராது. அதே வகைப் புதியதை இன்று நிறுவ ஆகும் செலவே அடிப்படை. ஆகவே படிவத்திலும் அந்தத் தொகையைத்தான் எழுத வேண்டும். ஆடிட்டர் தரும் பட்டியலை அப்படியே நகலெடுப்பது இப்போது முன்னைவிட ஆபத்தானது.

சரக்கைப் பொறுத்தவரை, அடக்க விலைதான். விற்றிருந்தால் கிடைத்திருக்கும் லாபம் அதில் சேராது. இதில் ஜிஎஸ்டி சம்பந்தப்பட்ட ஒரு பொறியும் உண்டு. சரக்கு வாங்கும்போது கட்டிய வரியை வியாபாரி உள்ளீட்டு வரி வரவாக, அதாவது தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் தொகையாக, எடுத்துக்கொண்டிருப்பார். அந்தச் சரக்கு எரிந்தோ நனைந்தோ அழிந்துவிட்டால், மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5)(எச்) பிரிவுப்படி அந்த வரவைத் திருப்பிக் கட்ட வேண்டும். சரக்கும் போய், வரியும் போகிறது. காப்பீட்டு மதிப்பை வரி நீங்கலாக எழுதியிருந்தால் அந்தப் பணம் வர வழியில்லை. சரக்கின் மதிப்பில் ஜிஎஸ்டியையும் சேர்த்து எழுதச் சொல்வது நல்லது.

வீடுகளில் தவறு எதிர்த் திசையில் நடக்கிறது. வேளச்சேரியில் 90 லட்சத்துக்கு அடுக்ககம் வாங்கியவர் 90 லட்சத்துக்குக் காப்பீடு கேட்கிறார். அந்த 90 லட்சத்தில் பெரும்பங்கு பிரிபடாத நிலப் பங்குக்கான விலை. நிலம் எரியாது, வெள்ளத்தில் நனைந்தாலும் காய்ந்துவிடும். கிருஹ ரக்ஷாவில் கணக்குக் கட்டுமானச் செலவை வைத்துத்தான். உள்ளளவு (கார்ப்பெட் ஏரியா) 800 சதுர அடி, சதுர அடிக்குக் கட்டுமானச் செலவு 2,500 ரூபாய் என்று வைத்தால் 20 லட்சம். அதில் 20 சதவீதம், அதாவது நான்கு லட்சம், வீட்டுச் சாமான்களுக்குத் தனியாகக் கேட்காமலே கிடைக்கும். இதற்கு உச்சவரம்பு பத்து லட்சம். அளவுகளைச் சரியாகச் சொல்லியிருந்தால் விகிதக் கழிவும் கிடையாது. நகைகளுக்கு இது பொருந்தாது, அவற்றைத் தனியே பட்டியலிட்டுச் சேர்க்க வேண்டும். வாடகைக்கு இருப்பவர்கள் சாமான்களுக்கு மட்டும் எடுக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. தரைத்தள வீடுகளில் குடியிருக்கும் வாடகைதாரர்கள்தானே இந்த ஊர் வெள்ளத்தில் ஃபிரிட்ஜையும் வாஷிங் மெஷினையும் முதலில் பறிகொடுக்கிறார்கள்! லிஃப்ட், ஜெனரேட்டர், மோட்டார், சுற்றுச்சுவர் ஆகியவை யாருடைய வீட்டுப் பாலிசியிலும் முழுதாக வராது. அவற்றுக்குக் குடியிருப்போர் சங்கத்தின் பெயரில் தனிப் பாலிசி வேண்டும்.

பாலிசி எதற்கெல்லாம் பணம் தரும் என்பதைவிட எதற்குத் தராது என்பதைப் படிக்கக் கொஞ்சம் பொறுமை தேவை. மழைநீர் சுவரில் மெல்லக் கசிந்து மாதக்கணக்கில் பூஞ்சை பிடித்தால் அது வெள்ளமாகாது. மின்கசிவில் ஒரு குளிர்சாதனப் பெட்டியின் சுருள் கருகினால் அந்தப் பெட்டிக்குப் பணம் இல்லை. அதிலிருந்து தீ பரவிக் கடை எரிந்தால் கடைக்கு உண்டு. போர் நிச்சயமாக இல்லை. 1914 செப்டம்பரில் எம்டன் கப்பல் வந்து துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனது நம் பேச்சில் 'எம்டன்' என்ற சொல்லை விட்டுச் சென்றது. அந்த வகைச் சேதத்துக்கு இன்றைய பாலிசியிலும் இடமில்லை. கலவரம், நாசவேலைக்கு இடம் உண்டு.

திருட்டு தனிக் கதை. தீ, வெள்ளம் நடந்த ஏழு நாட்களுக்குள் அந்தக் குழப்பத்தைப் பயன்படுத்தி நடக்கும் திருட்டு மட்டும்தான் மேலே சொன்ன பாலிசிகளில் அடங்கும். மற்றபடி கொள்ளைக்கான பாலிசியைத் தனியாக எடுக்க வேண்டும். அதிலும் பூட்டை உடைத்தோ, சுவரில் கன்னமிட்டோ, பலத்தைப் பயன்படுத்தி உள்ளே நுழைந்திருக்க வேண்டும். பலப் பிரயோகத்துக்கு அடையாளம் இல்லையென்றால் அது அந்தப் பாலிசியின்படி கொள்ளை ஆகாது என்று உச்ச நீதிமன்றமே 2004-இல் சொல்லிவிட்டது. கள்ளச் சாவி போட்டுத் திறந்த ஊழியனின் திருட்டுக்கு வேறு வகைக் காப்பீடு. கடை மூன்று மாதம் மூடிக்கிடந்தால் போகும் வருமானம், அப்போதும் கொடுத்தாக வேண்டிய சம்பளம் ஆகியவற்றுக்கு லாப இழப்புக் காப்பீடு என்று தனியாக உண்டு. சிறு தொழிலில் அதை எடுத்தவர்களை நான் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் பார்த்திருக்கிறேன்.

விலக்கு என்று எழுதியிருந்தாலே எல்லாம் முடிந்துவிட்டது என்றும் இல்லை. டெக்ஸ்கோ மார்க்கெட்டிங் என்ற நிறுவனத்தின் வழக்கு இதற்கு நல்ல சாட்சி. கடை அடித்தளத்தில் இருந்தது. காப்பீட்டு நிறுவனத்தார் கடையை நேரில் பார்த்து, பிரீமியம் வாங்கிக்கொண்டு பாலிசி கொடுத்தார்கள். தீப்பிடித்த பிறகு, 'அடித்தளத்தில் உள்ளவற்றுக்குக் காப்பீடு இல்லை' என்ற விதியை எடுத்துக்காட்டிக் கையை விரித்தார்கள். அடித்தளக் கடை என்று தெரிந்தே காப்பீடு கொடுத்துவிட்டு, ஒப்பந்தத்தையே வெறும் காகிதமாக்கும் விதியைப் பின்னால் காட்டுவது நியாயமற்றது என்று 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நல்லெண்ணக் கடமை காப்பீடு எடுப்பவருக்கு மட்டும் உரியதல்ல, கொடுப்பவருக்கும் உரியது என்பதே அதன் சாரம். தியாகராய நகரிலும் புரசைவாக்கத்திலும் அடித்தளத்தில் சரக்கு வைத்திருக்கும் கடைக்காரர்கள் இதில் கவனிக்க வேண்டியது தீர்ப்பை மட்டுமல்ல. 'அவர்களுக்குத் தெரியும்' என்பதை நிரூபிக்க முடிந்ததால்தான் அந்த வழக்கு ஜெயித்தது. ஏஜென்டிடம் வாயால் சொன்னதற்குச் சாட்சி ஏது? ஒரு மின்னஞ்சல், கடையின் புகைப்படத்தோடு ஒரு வாட்ஸ்அப் செய்தி, இவை பின்னாளில் பேசும். பாலிசியின் வாசகத்தில் இரண்டு பொருள் வந்தால், எழுதியவருக்கு எதிரான பொருளைத்தான் நீதிமன்றங்கள் எடுத்துக்கொள்ளும் என்பதும் நெடுங்கால மரபு.

கடன் வாங்கியவர்களுக்கு இன்னொரு சிக்கல். பிரீமியத்தை வங்கியே கணக்கிலிருந்து எடுத்துக் கட்டிவிடுகிறது. பாலிசி வங்கியின் கோப்பில் இருக்கிறது. இழப்பீடும் முதலில் வங்கிக்கே போகும். நடுவில் தொழில்காரர் பாலிசியின் முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை. கேட்டு ஒரு நகல் வாங்குங்கள். பாலிசியோடு 'வாடிக்கையாளர் தகவல் தாள்' என்று எளிய மொழியில் ஒரு சுருக்கமும் தரவேண்டும் என்பது இப்போதைய விதி. ஆயுதபூஜைக்கு இயந்திரத்துக்கும் கணக்குப் புத்தகத்துக்கும் சந்தனம் வைக்கிறோமே, அன்றைக்கே அந்தத் தாளையும் எடுத்துப் பார்த்தால் என்ன? வடகிழக்குப் பருவமழை தொடங்க அப்போது சில நாட்களோ சில வாரங்களோதான் இருக்கும். முகவரியைச் சேர்க்கவும் மதிப்பைக் கூட்டவும் அவகாசம் உண்டு. ஆனால் கூடுதல் பிரீமியம் போய்ச் சேர்ந்த பிறகுதான் கூடுதல் பாதுகாப்பு. காப்பீட்டுச் சட்டத்தின் 64-விபி பிரிவு இதில் கறாரானது. காசோலை திரும்பி வந்தால் பாதுகாப்பும் திரும்பிப் போய்விடும்.

சரி, சேதம் நடந்துவிட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டையில் நடந்ததை நினைத்துக்கொள்வோம். தண்ணீர் வடிந்ததும் எல்லோரும் செய்யும் முதல் வேலை, நனைந்ததை அள்ளி வெளியே போடுவது. பழைய காகிதம், இரும்பு எடுப்பவர்கள் அன்றே வண்டியோடு வந்துவிடுவார்கள். சர்வேயர் வரும்போது கடை துடைத்து வைத்தாற்போல் இருக்கும். காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. காப்பீடே இல்லாதவர் எப்படிப் பதறிக் காப்பாற்றுவாரோ அப்படி மேற்கொண்டு சேதமாகாமல் காப்பாற்ற வேண்டியது நம் கடமைதான். நனையாததைப் பிரித்து உயரத்தில் ஏற்றுவது, இயந்திரத்தை உலர்த்துவது எல்லாம் அதில் அடங்கும். நனைந்ததை மட்டும் ஓரமாகக் குவித்து, தண்ணீர்க் கோடு சுவரில் தெரியும்படி படம் எடுத்து, சர்வேயர் பார்க்கும்வரை வைத்திருக்க வேண்டும். நாற்றம் தாங்காமல் அகற்றித்தான் ஆகவேண்டும் என்றால், எழுதிக் கேட்டுவிட்டு அகற்றலாம். தீ என்றால் தீயணைப்புத் துறையின் அறிக்கை, திருட்டு என்றால் முதல் தகவல் அறிக்கை. நனைந்த கணினியில் கணக்கும் போயிருந்தால், ஜிஎஸ்டி தளத்தில் நாம் தாக்கல் செய்த விவரங்களும் வங்கிக்கு மாதாமாதம் கொடுத்த ஸ்டாக் பட்டியலும் கைகொடுக்கும். கைகொடுக்கும் என்றேன்; காலை வாரவும் வாரும். கடன் வரம்புக்காக ஸ்டாக்கைக் கூட்டிக் காட்டியவர்களும், வரிக்காகக் குறைத்துக் காட்டியவர்களும் விழிப்பது இந்த இடத்தில்தான்.

இனி நமக்கு உள்ள உரிமைகள். 2024 ஜூன் 11 அன்று பொதுக் காப்பீடு குறித்து ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, சேதத்தைத் தெரிவித்த 24 மணி நேரத்துக்குள் சர்வேயரை நியமிக்க வேண்டும். அவர் 15 நாட்களுக்குள் அறிக்கை தரவேண்டும். அறிக்கை கிடைத்த ஏழு நாட்களுக்குள் நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும். ஆவணம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காகக் கோரிக்கையை நிராகரிக்கக் கூடாது. பணம் தாமதமானால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்துக்கு மேல் இரண்டு சதவீதம் வட்டி சேர்த்துத் தரவேண்டும். சர்வே அறிக்கையின் நகலை நாம் கேட்டு வாங்கலாம். கட்டாயம் கேளுங்கள், ஏனென்றால் எந்த இடத்தில் எவ்வளவு வெட்டினார்கள் என்பது அதில்தான் தெரியும். சர்வேயருக்குக் கட்டணம் கொடுப்பது காப்பீட்டு நிறுவனம். அவர் நம்மிடம் எதையும் எதிர்பார்க்கக் கூடாது, நாமும் நீட்டக் கூடாது. அவருடைய அறிக்கை முக்கியமானதே தவிர இறுதி வாக்கு அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2009-இல் பிரதீப் குமார் வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

நிராகரிப்புக் கடிதம் வந்தால் பத்திரப்படுத்துங்கள். அதில் சொன்ன காரணத்தை மட்டும்தான் அவர்கள் பின்னால் வாதாட முடியும். வழக்கு வந்த பிறகு புதிய காரணம் தேடிப்பிடிக்க முடியாது என்பது சௌராஷ்டிரா கெமிக்கல்ஸ் வழக்கில் 2019-இல் வந்த தீர்ப்பு. தாமதமாகத் தெரிவித்தீர்கள் என்ற ஒன்றைச் சொல்லி நேர்மையான கோரிக்கையை இயந்திரத்தனமாகத் தட்டிக்கழிக்கக் கூடாது என்று 2017-இல் ஒரு தீர்ப்பு உண்டு.

குறைத்துக் கொடுக்கும்போது ஒரு வவுச்சரை நீட்டுவார்கள். 'முழு, இறுதித் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்' என்று அச்சிட்டிருக்கும். கையில் காசில்லாத நேரம், தொழிலாளர்கள் வாசலில் நிற்கிற நேரம். யாரும் கையெழுத்து போடத்தான் செய்வார்கள். அப்படிப் போட்டதாலேயே மீதியைக் கேட்கும் உரிமை போய்விடாது. வற்புறுத்தலிலோ ஏமாற்றியோ வாங்கப்பட்டது என்று காட்டினால் வழக்கு தொடரலாம் என்று 1999-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வவுச்சரைக் காட்டி வாடிக்கையாளரின் மேல் முறையீட்டை அடைக்கக் கூடாது என்று 2015-இல் ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யும் நிறுவனங்களுக்கு எழுதியது. ஆனால் வற்புறுத்தலைக் காட்ட ஏதாவது வேண்டும். பணம் வாங்கிய அன்றோ மறுநாளோ, 'நெருக்கடியால் வாங்குகிறேன், மீதியை விட்டுக்கொடுக்கவில்லை' என்று ஒரு கடிதம் அனுப்பியவருக்கும் இரண்டு வருடம் சும்மா இருந்தவருக்கும் நீதிமன்றத்தில் பெரிய வித்தியாசம் இருக்கும்.

அடுத்து எங்கே போவது? முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத வேண்டும். பீமா பரோசா என்ற புகார் தளத்திலோ 155255 என்ற எண்ணிலோ ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யிடம் பதிவு செய்யலாம். அவர்கள் தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள், நிறுவனத்தைப் பதில் சொல்ல வைப்பார்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால், புகார்களை விசாரித்து உத்தரவிடும் காப்பீட்டு ஆம்புட்ஸ்மேன். சென்னை அலுவலகம் தேனாம்பேட்டையில் அண்ணா சாலையில் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்கவும் முடியாது. நாமே போய்ப் பேச வேண்டும். தனிநபர்கள், தனி உரிமையாளர் நிறுவனங்கள், குறுந்தொழில் நிறுவனங்கள் போகலாம். 2025 ஏப்ரல் முதல் ஆண்டு விற்றுமுதல் பத்து கோடி வரையிலும் முதலீடு இரண்டரைக் கோடி வரையிலும் உள்ளவை குறுந்தொழில் என்பதால், நம் தெருக்களில் உள்ள பெரும்பாலான கடைகளும் பட்டறைகளும் இதற்குள் வந்துவிடும். 50 லட்சம் வரை இழப்பீடு வழங்க அவருக்கு அதிகாரம் உண்டு. 2023-க்கு முன் இது 30 லட்சமாக இருந்தது. அவருடைய உத்தரவு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும், நம்மைக் கட்டுப்படுத்தாது. பிடிக்கவில்லை என்றால் நாம் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஆம்புட்ஸ்மேனிடம் நிராகரிப்பிலிருந்து ஓராண்டுக்குள் போகவேண்டும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

நுகர்வோர் ஆணையத்தைப் பற்றி வியாபாரிகளிடம் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது, அது வீட்டுக்காரர்களுக்கானது என்று. தொழிலுக்காக எடுத்த காப்பீடு லாபம் சம்பாதிக்க எடுத்ததல்ல, இழப்பை ஈடுகட்ட எடுத்தது. எனவே அதை எடுத்த நிறுவனமும் நுகர்வோரே என்று 2023 ஏப்ரலில் ஹர்சோலியா மோட்டார்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் முடிவு கட்டியது. குஜராத்தில் அவர்கள் இடம் கலவரத்தில் எரிந்தது 2002-இல். வழக்கை ஆணையம் விசாரிக்கலாமா என்ற கேள்விக்கு இறுதி விடை கிடைக்கவே 21 வருடம்! 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இன்னொரு வசதி: எந்த ஆணையம் என்பதைக் கேட்கும் தொகை தீர்மானிப்பதில்லை, கட்டிய பிரீமியம் தீர்மானிக்கிறது. பிரீமியம் 50 லட்சத்தைத் தாண்டாதவரை, கோடிக்கணக்கில் கேட்டாலும் மாவட்ட ஆணையமே போதும். பிரீமியம் ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. நிறுவனத்தின் தலைமையகம் மும்பையில் இருந்தாலும், நாம் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் ஊரிலேயே தாக்கல் செய்யலாம்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகக் கெடு இரண்டு ஆண்டு. தக்க காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்கலாம். எனக்குத் தெரியாது, யாரும் சொல்லவில்லை என்பதெல்லாம் அந்தக் கணக்கில் எளிதில் சேராது.

சித்தப்பாவின் பாலிசியை நான் வாங்கிப் படித்தது 2018 நவம்பரில், தீபாவளிக்கு அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது. ஷெட் எடுத்ததைத் தன் ஏஜென்டிடம் சொல்லியிருந்ததாக அன்றும் சொன்னார். டீக்கடையில் நின்று சொன்னாராம். பாலிசிக்கு அடியில் வவுச்சரின் நகல் மடித்து வைக்கப்பட்டிருந்தது. பிரித்தேன். கையெழுத்துக்குக் கீழே தேதி: 2016 ஜூலை.